ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோட்டை விட்ட கதை: பதினொரு பேர் போன ஒரு பயணத்தின் நிகழ்வு ஆய்வு

வாரக் கடைசியில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, பெங்களூரைச் சுற்றியுள்ள பழைய ஊர்களுக்குக் கூட்டிப்போவது எனக்கு மூன்று வருஷப் பழக்கம். தொழில் என்று சொல்ல முடியாது, பொழுதுபோக்கு என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். அல்சூர், மர்ஃபி டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள், அவர்கள் சொல்லி வருகிறவர்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் நல்லபடியாக முடியும். ஏப்ரல் கடைசியில், மைசூர் பக்கம் காவிரிக்கு நடுவே தீவாக இருக்கும் திப்புவின் பழைய தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனதுதான் சொதப்பல். சொன்ன இடம் எல்லாவற்றையும் காட்டவில்லை, ஒரு பையனை அழவைத்தேன், இரண்டு பெரியவர்களை நடு மத்தியானத்தில் ஆற்றங்கரை வெயிலில் நிறுத்தினேன். ஆனால் போனவர்கள் இன்னும் போன் போட்டுப் பேசுவது அந்தப் பயணத்தைப் பற்றித்தான். ஒழுங்காக நடந்த மற்ற பயணங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இது ஏன் என்று யோசித்து எழுதி வைத்ததுதான் இது.

முதலில் ஆட்கள். ஐடிஐ டெலிபோன் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, அவர் மனைவி. மாமிக்குப் பிறந்த ஊர் ஸ்ரீரங்கம், இது பின்னால் முக்கியமாகும். காஞ்சிபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்து நாற்பது வருஷமாக அல்சூரில் இருக்கும் அத்தை, அவர் மகள், மருமகன், பத்து வயதுப் பேத்தி, ஏழு வயதுப் பேரன். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை செய்து, 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூர் வந்துவிட்ட அண்ணன், கூட அண்ணி. மாரத்தஹள்ளியில் வீடெடுத்துத் தங்கியிருக்கும் ஐடி கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர், ஒருவருக்கு ஈரோடு, இன்னொருவருக்குத் திருநெல்வேலி. மொத்தம் பதினொன்று. என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு. வண்டி பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர். கணக்கு கச்சிதமாக இருக்கிறது என்று நினைத்தேன். வழிகாட்டிக்கு சீட் வைக்கவில்லை என்பது கோயில் வாசலில் அவர் வந்து நின்றபோதுதான் உறைத்தது.

பாவம், அவர் நாள் முழுக்கத் தன் ஸ்கூட்டரில் வண்டிக்குப் பின்னாலேயே வந்தார். இதனால் ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும் பத்து நிமிஷம் எல்லாம் வீணாயின. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் ஆட்கள் கேள்வி கேட்பார்கள். நடக்கும்போது மூச்சு வாங்கும், நின்று கேட்கும்போது வெயில் அடிக்கும், வண்டியில் உட்கார்ந்ததும்தான் நாக்கு அவிழும். கேட்ட கேள்விக்கெல்லாம் நான் அரைகுறையாகப் பதில் சொன்னேன். மாமா ஒருமுறை, "தம்பி, உனக்குத் தெரியாதுன்னா விடு, அவர்கிட்டயே கேட்டுக்கறேன்" என்றார். சரிதான்.

கிளம்பினதிலேயே தாமதம். வண்டி ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வரும் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். மாரத்தஹள்ளி, கே.ஆர்.புரம் பக்கம், அல்சூர் என்று கிழக்கு மூலையிலிருந்து பொறுக்கிக்கொண்டு, தென்மேற்கில் கெங்கேரி தாண்டி மைசூர் எக்ஸ்பிரஸ்வேயைப் பிடிப்பதற்கே ஒன்றேகால் மணி நேரம். பர்ப்பிள் லைன் மெட்ரோ கே.ஆர்.புரத்தையும் அல்சூரையும் தொட்டுக்கொண்டு நேராகக் கெங்கேரிக்குத்தான் போகிறது, பாதிப் பேருக்கு மேல் அதில் ஏறி வந்திருக்கலாம். இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள்.

வண்டி ஏறும்போது மாமா கேட்ட முதல் கேள்வி, "கேஏ நம்பர்தானே?" என்பது. கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். காவிரித் தண்ணீருக்காகக் கலவரம் நடந்து தமிழ்நாட்டு நம்பர் வண்டிகள் எரிந்த 1991ஐயும் 2016 செப்டம்பரையும் பார்த்த பெங்களூர்த் தமிழர்களுக்கு, மண்டியா வழியாகக் காவிரிக் கரைக்குப் போகிறோம் என்றால் இந்தக் கேள்வி தானாக வாயில் வந்துவிடும். அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை, ஏப்ரல் மாதம், ஊர் அமைதி. வழியெல்லாம் கரும்பு. பேரன் கேட்டான், காவிரி எந்த ஊருடையது என்று. வண்டிக்குள் பெரியவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை, அவன் அக்கா மட்டும், "குடகுல பொறக்குது" என்று பள்ளிக்கூடப் பதில் சொன்னாள்.

எக்ஸ்பிரஸ்வே வந்த பிறகு இந்தப் பயணத்தின் கணக்கே மாறிவிட்டது. 2023இல் திறந்தது, கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர், பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் எல்லா ஊருக்கும் வெளியே சுற்றிக்கொண்டு போகிறது. நல்லதுதான், ஆனால் மத்தூர் வடை வேண்டுமென்றால் வேலை மெனக்கெட்டு இறங்க வேண்டும். அண்ணி விடவில்லை, இறங்கினோம். வெங்காயமும் ரவையும் சேர்த்துத் தட்டையாகத் தட்டிப் பொரித்த அந்த வடைக்கு 35 நிமிஷம் போனது. அதை நான் இழப்புக் கணக்கில் எழுத மாட்டேன். அதுவரை அவரவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்த நாலு குடும்பம் அங்கேதான் ஒரே மேஜையில் உட்கார்ந்தது. டிரைவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு இறங்கும் வழியைத் தவறவிட்டு மைசூர்ப் பக்கம் போய்த் திரும்பி வந்ததைத்தான் இழப்பில் எழுத வேண்டும். எட்டரைக்கு வருவதாகச் சொன்ன இடத்துக்குப் பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அதுவும் சனிக்கிழமை. பெருமாள் கோயிலுக்குச் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறவனை என்னவென்று சொல்வது? வரிசை வெளியே வரை நின்றது. 894இல் கங்கர் காலத்தில் தொடங்கி, பிறகு ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று வளர்ந்த ரங்கநாதர் கோயில். திப்புவின் அரண்மனை இதற்கு எதிரேயே இருந்தது, இப்போது அடித்தளம்தான் மிச்சம். கோயிலுக்குத் திப்பு கொடுத்த வெள்ளிப் பாத்திரங்களைப் பற்றியும் வழிகாட்டி சொன்னார். காவிரியில் மேலே இருப்பதால் இது ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், ஸ்ரீரங்கம் அந்தியரங்கம் என்று அவர் கன்னடத்தில் ஆரம்பித்ததும் மாமிக்குக் கொஞ்சம் முகம் மாறிவிட்டது. "ஆதியோ என்னமோ, நூத்தியெட்டுல இது இல்லையே" என்றார். மாமி சொன்னது உண்மை, ஆழ்வார்கள் பாடிய திவ்யதேசக் கணக்கில் இந்த ஊர் வராது. வழிகாட்டி அதற்குக் கோபப்படவில்லை, அவருக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இங்க எழுந்தது நதி, அங்க போய்ப் படுக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். மாமி அதை ரசித்துவிட்டார். அன்றைக்கு முழுக்க மாமி வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நடந்ததற்கு இந்த ஒரு பதில்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மொழி விஷயத்தில் நான் போட்ட திட்டம் முழுக்கத் தலைகீழானது. வழிகாட்டி கன்னடத்தில் சொல்வார், நான் தமிழில் மாற்றிச் சொல்வேன் என்று இரண்டு நாள் உட்கார்ந்து குறிப்பெல்லாம் எழுதியிருந்தேன். நாற்பது வருஷம் பெங்களூரில் இருப்பவர்களுக்குக் கன்னடத்தை யார் மொழிபெயர்க்க வேண்டும்? குழந்தைகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். தேவைப்பட்டது அந்த இரண்டு ஐடி பெண்களுக்கு மட்டும். அவர்களுக்கு நான் சொல்லும்போது மற்ற ஒன்பது பேருக்கும் இரட்டை ஓசை, யார் பேச்சும் கேட்காது. மசூதியின் இரண்டு மினார்களையும் வெளியிலிருந்தே காட்டிவிட்டு நகர்ந்தபோது திருநெல்வேலிப் பெண், "அண்ணா, நீங்க நிறுத்துங்க, அவர் கையக் காட்டுறதப் பாத்தே புரியுது" என்றாள்.

பெய்லி சிறைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. ஆற்றுப் பக்கத்தில் தரை மட்டத்துக்குக் கீழே, செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து வளைத்துக் கட்டிய மண்டபம். சுவரில் துளையோடு துருத்திக்கொண்டிருக்கும் கல் பலகைகள், கைதிகளைச் சங்கிலியால் கட்டியது இதில்தான் என்பார்கள். நடுவே ஒரு பீரங்கி, 1799இல் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டபோது கூரையைப் பிளந்துகொண்டு விழுந்ததாம். வழக்கமாக இங்கே வருகிறவர்கள் பீரங்கியோடு படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தங்கவயல் அண்ணன் மட்டும் கூரையின் வளைவைப் பார்த்துக்கொண்டே சுவரைத் தட்டிக்கொண்டு நின்றார். "காத்து எங்கேர்ந்து வருது பாரு" என்று குழந்தைகளைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். பூமிக்குள் இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது காற்று வரும் வழியைத்தான், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று தன் சுரங்கக் கதையை எடுத்துவிட்டார். வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டு அவரையே கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல வழிகாட்டி என்பதற்கு எனக்கு அதுவே போதும். ஆனால் இந்த பெய்லி யார், எங்கே பிடிபட்டார், ஏன் இந்த ஊருக்கு வந்தார் என்பது அந்த நேரத்தில் யார் மனதிலும் நிற்கவில்லை. 1782இல் இங்கே சிறையிலேயே இறந்துபோன ஓர் ஆங்கிலேய அதிகாரி, அவ்வளவுதான். இது என் தவறு, அதற்கு வருகிறேன்.

அடுத்தது கோட்டைச் சுவர் உடைபட்ட இடம். அங்கே நாங்கள் போய் நின்றபோது மணி ஒன்றாகப் பத்து நிமிஷம். திட்டப்படி பத்தரைக்கு வந்திருக்க வேண்டிய இடம். வெயில் மண்டையைப் பிளந்தது. அத்தையும் மாமியும் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, குடையே கொண்டுவரச் சொல்லாத என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கீழே காவிரி, ஏப்ரல் காவிரி, பாறை பாறையாக முதுகைக் காட்டிக்கொண்டு நடுவில் கொஞ்சம் தண்ணீர். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: 1799 மே 4, இதே நேரம், இதே வெயில். எதிரே கரையில் ஆங்கிலேயப் படையில் நாலாயிரம் பேருக்கு மேல் பதுங்குகுழிகளில் காத்திருந்தார்கள். மத்தியான நேரம், வெயில் உச்சியில், காவல் தளர்ந்திருக்கும் என்று பார்த்துத்தான் ஒரு மணியைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் பாறைகளின் மேல்தான் ஓடிவந்தார்கள். ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் குடகில் மழை பிடித்திருக்கும், ஆறு இறங்க விடாது.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் ஆற்றையே பார்த்தார்கள். மாமா மெதுவாக, "அப்போ கேஆர்எஸ் கிடையாது" என்றார். அதுதான் விஷயம். இன்றைக்கு இங்கே எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்பதை மேலே இருக்கும் கிருஷ்ணராஜ சாகர் அணை முடிவு செய்கிறது. 124.80 அடி, 120 அடி என்று கேஆர்எஸ், மேட்டூர் மட்டங்களைத் தினமும் பேப்பரில் படித்து வளர்ந்த தலைமுறை அது, ஆற்றைப் பார்த்ததும் கணக்குப் போட்டுவிடும். அணை இல்லாத காலத்தில் இந்தத் தீவுக்கு ஆறுதான் அகழி. மழைக்காலத்தில் எதிரி முற்றுகையைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும், 1791இல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஊர் வாசல் வரை வந்துவிட்டு, மழையும் பசியும் தாங்காமல் பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பியதும் அப்படித்தான். எந்த வழிகாட்டியைக் கேட்டாலும் திப்புவின் மந்திரி மீர் சாதிக்கின் துரோகத்தில் கொண்டுபோய்க் கதையை முடிப்பார்கள். இவர் அதையும் சொன்னார், ஆனால் ஒரு வரியில். ஆற்றுக்குத்தான் நேரம் கொடுத்தார்.

ஒன்று இருபத்தைந்து வரை அங்கேயே நின்றோம். அந்தச் சண்டையில் இறந்த திப்புவின் உடல் கிடைத்த இடத்தில் கம்பி வேலிக்குள் இருக்கும் கல்லை இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனோம். சாப்பாடு இரண்டே முக்காலுக்குத்தான் இலைக்கு வந்தது. அந்த ஹோட்டலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ரசம் மட்டும் சூடாக இருந்தது.

மூன்றே முக்காலுக்கு தரியா தௌலத் பாக். 1784இல் திப்பு கட்டிய கோடைமாளிகை, தேக்கு மரம், கோட்டைக்கு வெளியே கிழக்கே தோட்டத்துக்கு நடுவில். மேற்குச் சுவர் முழுக்க ஒரே போர்க் காட்சி, ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயரை வென்ற போர். வெள்ளையடித்து மறைக்கப்பட்டு, பிறகு கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் மறுபடி தீட்டப்பட்ட ஓவியம் என்பதால் அப்படியே பழையது இல்லை, ஆனால் அமைப்பு அதேதான். யானை, குதிரை, சதுர வியூகத்துக்குள் அடைபட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள், வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, பல்லக்கில் பெய்லி. வழிகாட்டி, "பொள்ளிலூர் யுத்தம், 1780 செப்டம்பர் 10" என்றார். எந்த ஊர் அது என்று ஈரோட்டுப் பெண் கேட்டாள். "உங்க தமிழ்நாடுதாம்மா, காஞ்சிபுரம் பக்கம்."

அத்தை திரும்பினார். "புள்ளலூரா?"

புள்ளலூர்தான். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அத்தையின் சின்னம்மாவைக் கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கத்து ஊரில். சின்ன வயதில் மாம்பழம் தின்னப் போன ஊர் மைசூர் ராஜா மாளிகைச் சுவரில் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அத்தை நினைத்துப் பார்த்ததில்லை. "அங்க வயலுதான் இருக்கு, ஒண்ணுமே இல்லையே" என்று இரண்டு மூன்று முறை சொன்னார். எனக்குத் தெரிந்த ஒன்றை அப்போது சேர்த்துச் சொன்னேன்: அதற்கும் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் முன்னால், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் தன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்லும் இடமும் அதே புள்ளலூர்தான். அன்று முழுவதிலும் நான் பேசியதில் உருப்படியானது இது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் வழிகாட்டி முடிச்சைப் போட்டார். இந்தப் போரில் காயம்பட்டுப் பிடிபட்ட பெய்லிதான் அந்தச் சிறையில் இறந்தவர். கூடவே பிடிபட்டு இந்த ஊரில் மூன்றரை வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்த இன்னொருவர் டேவிட் பேர்ட். 1799இல் அந்தப் பாறைகளின் மேல் படையை நடத்திக்கொண்டு வந்தவர் அதே பேர்ட்தான்.

தங்கவயல் அண்ணன் என்னைப் பார்த்தார். "இதை முதல்லயே காட்டியிருக்கணும் தம்பி. இதப் பாத்துட்டு ஜெயிலுக்குப் போய், அப்புறம் அந்த ஒடஞ்ச செவுத்துக்குப் போயிருந்தா, ஒரே கதை."

நான் போட்டிருந்த வரிசை, கங்கர் காலத்துக் கோயிலில் தொடங்கி வருஷப்படி இறங்கி வருவது. பேப்பரில் அழகாக இருந்தது. ஆனால் கோயிலிலிருந்து சிறைக்கு என்ன சம்பந்தம்? வரலாற்றைப் புத்தகத்தில் படிக்கிறவனுக்கு வருஷ வரிசை வேண்டும், காலால் நடந்து பார்க்கிறவனுக்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் எங்கே போனான் என்று தேடிக்கொண்டு போகும் வழி வேண்டும். ஓவியச் சுவருக்கு நான் ஒதுக்கியது பதினைந்து நிமிஷம். நாற்பது நிமிஷம் நின்றோம். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பதால் போன் எல்லாம் பையில் இருந்தது, அதுவும் ஒரு உபகாரம்.

கும்பஸில் ஹைதர் அலி, திப்பு, திப்புவின் தாயார் சமாதிகளை அரை மணியில் முடித்துக்கொண்டு, பிரிந்த காவிரி திரும்பக் கூடும் சங்கமத்துக்குப் போனோம். அங்கேதான் பேரன், "முதலை எப்போ?" என்று கேட்டான். பக்கத்தில் ரங்கன்திட்டுப் பறவைகள் சரணாலயத்தில் படகில் போனால் முதலை பார்க்கலாம் என்று காலையில் வண்டியில் ஏறும்போது நான்தான் சொல்லியிருந்தேன். மணி ஆறாகப் போகிறது, படகு முடிந்திருக்கும். அவன் அழுத அழுகையில் பரிசல்காரரே எட்டிப் பார்த்தார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதை மறைக்கிறவர்கள்தான் அதிகம். ஆளுக்கு 1,500 வீதம் வசூல் 16,500. வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 24 ரூபாய், குறைந்தபட்சம் 300 கிலோமீட்டர் என்று 7,200, டிரைவர் பேட்டா 600, டோல், பார்க்கிங் 1,100, வழிகாட்டிக்கு 2,000, காலை மத்தியானம் சாப்பாடு எல்லாருக்கும் சேர்த்து 4,000, டிக்கெட் 300. ஆக 15,200. படகுக்கென்று வாங்கியிருந்த நூறு நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், 1,100. கையில் நின்றது 200.

மே மாதம் வேறு ஒரு ஒன்பது பேரோடு மறுபடி போனேன். கெங்கேரி மெட்ரோ வாசலில் கூடினோம். வழிகாட்டிக்கு சீட் வைத்தேன். சனிக்கிழமையை விட்டேன். திறந்தவுடன் ரங்கன்திட்டு, நாரையும் கரண்டிவாயனும் முதலையும் எல்லாம் தரிசனம் கொடுத்தன. அப்புறம் தரியா தௌலத், அங்கிருந்து சிறை, ஒரு மணிக்குச் சாப்பாடு, நிழலில் ஓய்வு, நாலு மணிக்கு நடை திறந்ததும் கோயில், ஐந்தரைக்குச் சுவர் உடைந்த இடம். ஒரு குறையும் இல்லை. ஆனால் ஐந்தரை மணிக்கு அந்த இடத்தில் சிலுசிலுவென்று காற்று, ஆற்றில் பொன் வெயில். வழிகாட்டி அதே கதையை அதே குரலில் சொன்னார். ஆளுக்கொரு செல்ஃபி எடுத்துக்கொண்டு வண்டியேறினார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த முறை ஒரு மணிக்கே அங்கே நிற்கலாம் என்று இருக்கிறேன். பத்து நிமிஷம் மட்டும், குடையோடு, விருப்பப்பட்டவர்கள் மட்டும், மற்றவர்களுக்கு வண்டியில் ஏசி. வழிகாட்டிக்கு இதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் மே, ஜூன் தாண்டினால் ஆறு நிறைந்துவிடும், பாறை தெரியாது, ஒரு மணிக்கு நின்றும் பயனில்லை. ஆக வருஷத்தில் இதற்குக் கிடைப்பது இரண்டு மாதம்தான்.

போன வாரம் அத்தை கூப்பிட்டார். பேரன் இன்னும் முதலைக்காக என் மேல் கோபமாக இருக்கிறானாம். அதைச் சொல்லிவிட்டு, "சரி அது கெடக்கட்டும், புள்ளலூருக்கு எப்போ வண்டி வைக்கிற?" என்றார். அங்கே வயல்தான் இருக்கிறது, பார்க்க ஒன்றுமில்லை என்று அவரே சொன்னதை நினைவுபடுத்தினேன்.

"நீ வை, நான் காட்டறேன்" என்றார்.